டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? வயலுக்கு ஏற்றதைப் பாருங்கள்

2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் அறிவித்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், 15 ஆயிரம் ரூபாய் டேப்லெட் என்பது 6 குவிண்டால் நெல். நேரடிக் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் 15 மூட்டை. இத்தனை மூட்டையை விற்ற பணத்தில் வாங்கும் பொருள், இரண்டே ஆண்டில் அலமாரிக்குப் போய்விட்டால் அது நஷ்டம்தானே!

விதை வாங்கும்போது எந்த மண், எந்தப் பட்டம், எத்தனை நாள் வயது என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். டேப் வாங்கும்போது மட்டும் கேமரா எத்தனை மெகாபிக்சல், தள்ளுபடி எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறோம். எங்கே பயன்படுத்தப் போகிறோம், யார் கையில் இருக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த மாடல் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

முதலில், டேப் தேவையா?

சந்தை விலை, வானிலை, உர இருப்பு, மானியத் திட்டங்கள் ஆகியவற்றைப் பார்க்க மட்டும் என்றால் உங்கள் கையில் உள்ள ஸ்மார்ட்போனே போதும். 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியும், மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியும், வேளாண் வானிலை சொல்லும் மேகதூத் செயலியும் சாதாரண போனிலேயே நன்றாக ஓடும். இதற்காக மட்டும் டேப் வாங்க வேண்டியதில்லை.

டேப் பயன்படும் இடம் வேறு. வரவு செலவுக் கணக்கைத் தாளில் எழுதாமல் கணினி அட்டவணையில் போடுபவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர் விவரம் பதிவு செய்பவர்கள், பால் சங்கத்தில் கணக்கு வைப்பவர்கள், பண்ணையில் கண்காணிப்புக் கேமரா வைத்திருப்பவர்கள், பட்டா, புலப்படம் போன்றவற்றைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியவர்கள் ஆகியோருக்குப் பெரிய திரை உண்மையிலேயே உதவும். 40 வயதைக் கடந்து, போனில் சின்ன எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் இது நல்ல காரணம்தான்.

பழையதை மாற்ற வேண்டுமா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு டேப் இருந்து, அது மெதுவாகிவிட்டது என்றால் உடனே கடைக்குப் போகாதீர்கள். அமைப்புகள் பகுதியில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்பது. 2025 ஆகஸ்டில் வந்த 139-ஆவது பதிப்பு முதல் கூகுள் குரோம் உலாவிக்குக் குறைந்தது ஆண்ட்ராய்டு 10 வேண்டும். உங்கள் டேப் 8 அல்லது 9-ல் நின்றுவிட்டால், பழைய குரோம் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. காலப்போக்கில் அரசுத் தளங்களும் சரியாகத் திறக்காமல் போகலாம். இந்த நிலையில் மாற்றுவதுதான் சரி.

இரண்டு, சேமிப்பில் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பது. முழுவதும் நிரம்பிய டேப் எந்த மாடலானாலும் மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். வாட்ஸ்ஆப்பில் வந்து குவிந்த வீடியோக்களை நீக்கி, வயல் படங்களை மெமரி கார்டுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று, பேட்டரி. மற்றதெல்லாம் சரியாக இருந்து, காலையில் ஏற்றிய சார்ஜ் மதியமே தீர்கிறது என்றால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். புதிய டேப் விலையில் கால் பங்குக்குள் முடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி உப்பி, திரையைத் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் அதை மேலும் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

சிம் போடும் மாடலா, வைஃபை மட்டுமா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ஏ9 பிளஸ் ஆகிய இரண்டிலுமே சிம் போடும் வகையும் உண்டு, வைஃபை மட்டும் உள்ள வகையும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் குறைந்த விலை பெரும்பாலும் வைஃபை வகைக்குத்தான். ரெட்மியில் இன்னொரு குழப்பம்: ரெட்மி பேட் எஸ்இ என்பது 11 அங்குலத் திரை, சிம் கிடையாது. ரெட்மி பேட் எஸ்இ 4ஜி என்பது 8.7 அங்குலத் திரை, சிம் போடலாம். பெயரில் கடைசிச் சொல்லைப் படிக்காமல் வாங்கினால் வேறு பொருள் வீட்டுக்கு வந்துவிடும்.

வீட்டிலும் அலுவலகத்திலும் மட்டும் பயன்படுத்துவீர்கள், போன் எப்போதும் பக்கத்தில் இருக்கும் என்றால் வைஃபை வகை போதும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்புக்கு இணையம் கொடுக்கலாம். தனி ரீசார்ஜ் செலவு இல்லை. ஆனால் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

வயலுக்குத் தனியாக எடுத்துப் போவதென்றால் சிம் வகையே நல்லது. கிணற்றடியிலும் மோட்டார் கொட்டகையிலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று உங்கள் போனிலேயே முதலில் சோதித்துவிட்டு, அந்த சிம்மை டேப்பில் போடுங்கள்.

சிம் வகையில் இன்னொரு பயன், ஐஎம்இஐ எண். டேப் தொலைந்தாலோ திருடு போனாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக அந்த எண்ணை முடக்கலாம். வைஃபை மட்டும் உள்ள டேப்புக்கு இந்த எண்ணே கிடையாது.

ஜிபிஎஸ் இருக்கிறதா?

நிலத்தின் இருப்பிடத்தோடு படம் எடுக்க ஜிபிஎஸ் வேண்டும். பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு இது முக்கியம். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ப் பாதிப்பானாலும், அறுத்து வயலில் பரப்பிய கதிர் மழையில் நனைந்து நாசமானாலும், 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. பயிர்க் காப்பீட்டுச் செயலி வழியாகப் படத்தோடு தெரிவிக்கலாம். 14447 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். அந்த மூன்று நாளில் டேப் வயலில் இருந்தபடியே வேலை செய்தால்தான் அதை வாங்கியதற்குப் பயன்.

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது; சிம் வசதி உள்ள ஐபேடில் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்களில் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. போன், டேப் ஆகியவற்றின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் வரை விலகிக் காட்டலாம். தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். ஒரு ஏக்கர் நிலம் சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அதில் 5 மீட்டர் என்பது வரப்புத் தகராறுக்குத் தாராளமாகப் போதும். சுமார் பரப்பளவு தெரிந்துகொண்டு உரமும் மருந்தும் கணக்கிட டேப் உதவும். எல்லையை முடிவு செய்ய நில அளவரைத்தான் அழைக்க வேண்டும்.

வெயிலில் திரை தெரிகிறதா?

கடைக்குள் குளிர்சாதன வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். நண்பகலில் வயலில் நின்று பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். திரையின் ஒளியை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 400 நிட்ஸ் வீட்டுக்குப் போதும்; வெயிலில் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். 500, 600 நிட்ஸ் என்றால் மர நிழலிலோ முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றோ படிக்கலாம். எண்ணை நம்பாவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. கடையில் உள்ள மாதிரி டேப்பை வாங்கி, ஒளியை முழுதாகக் கூட்டி, மதிய வேளையில் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு அதைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. மற்ற டேப்களும் இதற்கு ஏறக்குறைய அப்படித்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டிராக்டர் இருக்கையிலோ கார் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்துவிட்டுப் போனால் பேட்டரியின் ஆயுள் குறையும், சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகும். எந்த மாடலுக்கும் இதில் விலக்கு இல்லை.

எத்தனை அங்குலம்?

8.7 அங்குல டேப் சுமார் 330 கிராம் இருக்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுக்கலாம். 11 அங்குல டேப் அரைக் கிலோவை நெருங்கும். வரப்பில் நடந்தபடி அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆனால் மேசையில் வைத்துக் கணக்குப் போட, பத்துப் பேர் கூடிய குழுக் கூட்டத்தில் பயிற்சி வீடியோ காட்ட 11 அங்குலம்தான் வசதி.

வயலுக்கு 8 முதல் 9 அங்குலம், அலுவலகத்துக்கு 11 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒன்றே என்றால் அதிக நேரம் எங்கே பயன்படுத்துவீர்களோ அதற்கு ஏற்ற அளவை எடுங்கள்.

ரேமும் சேமிப்பும்

4 ஜிபி ரேமுக்குக் கீழே வாங்க வேண்டாம். 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் டேப்பின் இயங்குதளமே அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு புகைப்படம் 3 அல்லது 4 எம்பி. தினம் பத்துப் படம் எடுத்தாலும் ஆண்டுக்கு 15 ஜிபியைத் தாண்டாது. இடத்தை விழுங்குவது வீடியோதான். மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் 64 ஜிபி போதும். அந்த வசதி இல்லையென்றால் 128 ஜிபி எடுங்கள். ஐபேடில் மெமரி கார்டு போட முடியாது என்பதை நினைவில் வைக்கவும்.

எத்தனை ஆண்டு அப்டேட் வரும்?

விலையைவிட முக்கியமான கேள்வி இது. டேப்பின் மென்பொருளுக்குக் கம்பெனி குறிப்பிட்ட ஆண்டுகள் வரைதான் பாதுகாப்பு அப்டேட் தரும். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்கிவிடும். 2023-ல் வந்த ஒரு மாடலுக்கு நான்கு ஆண்டு என்றால் 2027-ல் முடிந்துவிடும். அதை 2026-ல் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஓராண்டுதான்.

விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 10 ஆயிரம் ரூபாய் டேப் இரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5 ஆயிரம். 16 ஆயிரம் ரூபாய் டேப் ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,200. மலிவு எது என்று இப்போது சொல்லுங்கள். 'இந்த மாடல் எந்த மாதம் வெளிவந்தது, எந்த ஆண்டு வரை அப்டேட்?' என்று கடையில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துவிட்டு மறுநாள் வாங்குங்கள்.

முரட்டு மாடல் யாருக்கு?

தூசு, தண்ணீர், கீழே விழுதல் ஆகியவற்றைத் தாங்கும் முரட்டு டேப்களும் உண்டு. சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ்5 அதில் ஒன்று. 8 அங்குலத் திரை. பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். ஐபி68 தரம் பெற்றது. ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசையும் இரண்டாவது இலக்கம் தண்ணீரையும் குறிக்கும். 6 என்றால் தூசு உள்ளே போகாது; 8 என்றால் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீரில் மூழ்கினாலும் குறிப்பிட்ட நேரம் தாங்கும். ஆனால் சோதனை செய்வது நல்ல தண்ணீரில். பூச்சிமருந்துக் கரைசலுக்கும் உர நீருக்கும் இந்த உத்தரவாதம் பொருந்தாது.

விலை சாதாரண டேப்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வரும். தினமும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யும் களப்பணியாளர்கள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். தனி விவசாயிக்கு, சாதாரண டேப்போடு தடிமனான ரப்பர் உறையும் திரைக் கண்ணாடியும் போட்டாலே பெரும்பாலும் போதும்.

மருந்து அடிக்கும் நாளில்

மருந்து கலந்த கையோடும், மருந்து பட்ட கையுறையோடும் திரையைத் தொடாதீர்கள். மாலையில் அதே டேப்பைப் பிள்ளைகள் எடுத்துப் பாடம் படிப்பார்கள், கேம் விளையாடுவார்கள், அந்தக் கையை வாயிலும் வைப்பார்கள். மருந்தின் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் கலப்பதற்கு முன்பே பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் மருந்து தொடாத இன்னொருவர் கையில் டேப் இருக்கட்டும்.

பணப் பரிமாற்றம் போனிலேயே இருக்கட்டும்

யுபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது, வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து அந்தச் சாதனமே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதற்காக ஆதாரோடு இணைத்த சிம்மைக் கழற்றி டேப்பில் போடுபவர்கள் உண்டு. அது வேண்டாம். பிஎம் கிசான் இ-கேஒய்சி உட்படப் பலவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். டேப் பலர் கைக்குப் போகும் பொருள். ஓடிபி வரும் சிம் உங்கள் சட்டைப் பையில் உள்ள போனிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. டேப்பில் இணையத்துக்கு மட்டும் வேறொரு சிம் போடுங்கள்.

வாட்ஸ்ஆப்பை டேப்பில் இணைப்புச் சாதனமாகப் பயன்படுத்தலாம். அதே எண், அதே குழுக்கள் வந்துவிடும். 14 நாளுக்கு ஒருமுறையாவது போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் போதும்.

பழைய டேப் வாங்கும்போது

இரண்டாம் கையாக வாங்குபவர்கள் சிம் வகை டேப்பில் நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தியோ, அமைப்புகளில் பார்த்தோ ஐஎம்இஐ எண்ணை எடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் சோதித்துப் பாருங்கள். முடக்கப்பட்ட எண் என்றால் தெரிந்துவிடும். விற்பவர் தம் கூகுள் கணக்கை உங்கள் எதிரிலேயே நீக்கி, டேப்பை முழுதாக அழித்துத் தரவேண்டும். இல்லையென்றால் பின்னர் அழித்தாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அசல் பில் இல்லாத டேப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புதியது வாங்கினாலும் பில்லில் மாடல் பெயர் முழுதாகவும் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் சார்ஜர் உண்டா என்று கேளுங்கள். சில மாடல்களுக்குத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். சர்வீஸ் சென்டர் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பழுது பார்க்க இரண்டு முறை வெளியூருக்குப் பேருந்து ஏறினால் தள்ளுபடியில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

யாருக்கு எது?

வீட்டில் கணக்குப் போடவும் படிக்கவும் என்றால்: 11 அங்குலம், வைஃபை வகை, 4 ஜிபி ரேம், மெமரி கார்டு வசதி.

வயலுக்கு எடுத்துப் போக என்றால்: 8 முதல் 9 அங்குலம், சிம் வகை, ஜிபிஎஸ், 500 நிட்ஸுக்கு மேல் ஒளி, ரப்பர் உறை.

உற்பத்தியாளர் நிறுவனம், பால் சங்கம் போன்றவற்றுக்கு என்றால்: அலுவலகத்துக்கு ஒரு 11 அங்குலம், களப்பணியாளருக்குச் சிம் வகை அல்லது முரட்டு மாடல். எல்லாம் ஒரே கம்பெனியாக இருந்தால் சார்ஜர், உறை, பழுதுபார்ப்பு ஆகியவை சுலபம்.

மூன்று பேருக்கும் பொதுவாக: இன்னும் குறைந்தது மூன்று ஆண்டு அப்டேட் மீதமுள்ள மாடலாக இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் உங்களுக்கு உரியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் உள்ளவை எல்லாம் பொருந்தும் மாடல்களில் எது விலை குறைவோ அதை எடுங்கள். பணம் கொடுக்கும் முன் பெட்டியில் உள்ள மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.